ஒரு வருடம் கழித்துக் கேட்ட துட்டி

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு புரட்டாசி மாதம் நடந்தது இது. எங்கள் கோவில்பட்டி பக்கம் மழையை எதிர்பார்த்துக் கரிசல் காடுகளில் விதைத்துக்கொண்டிருந்த நேரம். நான் ஸ்பெயின் நாட்டில் ஒரு சின்ன ஊரில், பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்து, என் பெயர் இன்னது, நான் இந்தியாவிலிருந்து வருகிறேன் என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

எப்படி அங்கே போய் உட்கார்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் கணவருக்குக் கோவில்பட்டியில் இரும்புக் கடை. நான் வீட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். ஒரு மகள், ஒரு மகன். மகள் வெளிநாட்டில் படிக்கப் போன இடத்தில் ஸ்பெயின்காரர் ஒருவரை விரும்பினாள். வீட்டில் பெரிய புயல் அடித்தது. கடைசியில் அந்தப் பையனே நேரில் வந்து, எங்கள் வீட்டுத் தரையில் சம்மணம் போட முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்து உட்கார்ந்து, இலையில் வைத்ததையெல்லாம் கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டு முடித்தார். "காரத்துக்குப் பயப்படல பாத்தியா. பய தேறிருவான்" என்றார் என் கணவர். அதோடு சம்மதம்.

கல்யாணம் எங்கள் ஊரில்தான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அவருடைய அப்பா படுத்த படுக்கையாக இருந்தார்; அவரை விட்டுவிட்டு அம்மாவால் வர முடியவில்லை. அதனால் சம்பந்தி அம்மாவை நான் போனில்தான் பார்த்திருந்தேன். அவருக்கு ஸ்பானிஷ் தவிர வேறு மொழி தெரியாது. வீடியோ காலில் இருவரும் "ஓலா, ஓலா" என்று அவர்கள் மொழியில் வணக்கம் சொல்லிக்கொண்டு சிரிப்போம். அதற்குமேல் என் மகள் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பாள்.

அடுத்த வருடம் ஆவணியில் என் மகனுக்குக் கல்யாணம். மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மருமகனுக்கு ஒரு போன் வந்தது. உடனே பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "ஆபீஸ்ல அவசரம்மா" என்றாள் மகள். என் நாத்தனார் சும்மா இருப்பாளா? "மச்சினன் கல்யாணத்துக்கு நிக்க விடாத ஆபீஸு, அது என்னத்த ஆபீஸு?" என்று சமையல் கூடம் வரைக்கும் போய்ச் சொன்னாள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் கல்யாண வேலையில் அதை நினைக்க நேரம் இல்லை.

கல்யாணம் முடிந்து சில நாட்களில், வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருக்கும்போது, சம்பந்தி அம்மா வீடியோ காலில் வந்தார். நான்தான் போனைக் கையில் வாங்கினேன். வழக்கமான "ஓலா" இல்லை. என்னைப் பார்த்து நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, கொஞ்ச நேரம் பேசினார். கண் கலங்கியிருந்த மாதிரி தெரிந்தது. நான் மகளைப் பார்த்தேன்.

"கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதான்னு கேக்காவம்மா" என்றாள்.

சந்தோஷத்தில் கண் கலங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். புது மருமகளை இழுத்து போனில் காட்டினேன். வாயெல்லாம் சிரிப்பாக, எனக்குத் தெரிந்த இன்னொரு ஸ்பானிஷ் வார்த்தையைச் சொன்னேன். "பியென், பியென்!" நல்லது, நல்லது என்று அர்த்தம். அவர் என்னை ஒரு கணம் அப்படியே பார்த்தார். போன் அணைந்துவிட்டது. "லைன் கட்டாயிட்டும்மா" என்றாள் மகள்.

லைன் கட்டானதோ என்னவோ, அந்தப் பார்வை எனக்குள்ளேயே நின்றுவிட்டது. எங்கள் பிள்ளையைக் கட்டிக்கொண்டவரின் அம்மா. அவர் ஏதோ சொன்னார், அதற்கு நான் சொன்ன பதில் சரியில்லை. அது மட்டும் தெரிந்தது. மகளிடம் கேட்டால் மழுப்பினாள். அதற்குப் பிறகு சம்பந்தி அம்மா கூப்பிடவும் இல்லை. "மாமாவை வேற ஊர்ல ஒரு ஹோம்ல சேத்திருக்கு. அவியளுக்கு ஆளு அடையாளம் தெரியல. அத்தை அங்கயும் இங்கயும் அலையுதாவ, பேச நேரமில்ல" என்றாள். "அவர்கிட்ட மட்டும் அப்பாவைப் பத்திக் கேட்டுராதம்மா, மனசு கஷ்டப்படுவார்."

நான் கேட்கவில்லை. ஆனால் போனில் ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்தேன். இனிமேல் அந்த அம்மா பேசினால் எனக்கு நேராகப் புரிய வேண்டும்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். "ஏட்டி, டியூஷன் பிள்ளைய உன்னப் பாத்துச் சிரிக்கப் போவுது" என்றார் என் கணவர். ஆனால் எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. மேசைக்கு அவர்கள் சொல்வது மேசா. அலமாரிக்கு அர்மாரியோ. இதை என் கணவரிடம் சொன்னபோது, "அப்ப பாதி வீடு வந்துட்டு. மீதியையும் படிச்சிரு" என்றார். பிறகு ஒன்று கண்டுபிடித்தேன். நம்முடைய சின்ன ரவும் பெரிய றவும் அங்கேயும் இருக்கின்றன. 'பெரோ' என்றால் 'ஆனால்'. 'பெறோ' என்றால் நாய். ஆங்கிலேயர்கள் இந்த இடத்தில் திணறுவார்களாம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு றகரம் சொல்லித்தர வேண்டுமா என்ன?

அப்படியே ஒரு வருடம் ஓடியது. மகள் டிக்கெட் போட்டு, கொஞ்ச நாள் வந்து இருக்கச் சொன்னாள்.

அவர்கள் இருப்பது ஸ்பெயினின் தெற்கே ஒரு பெரிய நகரம். பார்க்க அழகான ஊர்தான். ஆனால் எங்கே திரும்பினாலும் சுற்றுலா வந்தவர்கள் கூட்டம். நான் ஒரு வாக்கியத்தை மனதில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போய், காப்பிக் கடையில் ஸ்பானிஷில் காப்பி கேட்பேன். கடைப்பையன் என் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் பதில் சொல்லுவான். பஸ்ஸிலும் ஆங்கிலம், கடையிலும் ஆங்கிலம். சேர்ந்த வகுப்பிலும் இடைவேளை விட்டால் எல்லோரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். இப்படிப் படித்தால் இந்த ஜென்மத்தில் வராது என்று தெரிந்துவிட்டது.

"என்னை உங்க அத்தை ஊர்ல கொண்டு விடுங்க. அங்க இருந்து படிக்கேன்" என்றேன்.

மகள் முகம் மாறியது. "அங்க எதுக்கும்மா? அந்த ஊர்ல ஒண்ணுமே கிடையாது."

"ஏட்டி, விளாத்திகுளம் பக்கத்துல பொறந்தவகிட்ட வந்து ஒண்ணுமே இல்லாத ஊருன்னு சொல்லுதியாக்கும்?"

மருமகனுக்கோ அவ்வளவு சந்தோஷம். அன்றைக்கே அம்மாவுக்குப் போன் செய்தார். அந்த ஊரில் தோட்ட வேலைக்கு வந்திருக்கும் வெளிநாட்டு ஆட்களுக்கு ஊராட்சியில் இலவசமாக ஸ்பானிஷ் வகுப்பு நடக்கிறது என்று விசாரித்து, என் பெயரையும் அதில் சேர்த்துவிட்டார். கிளம்புகிற அன்று காலையில் மகள் படி வரைக்கும் இறங்கி வந்தாள். "அம்மா..." என்றாள்.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்ல. ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியா?"

காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். நகரம் முடிந்ததும் இரண்டு பக்கமும் மரமே இல்லாத வெட்டவெளி. பிறகு மண் கறுப்பாக மாறியது. நான் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. வெயிலில் பாளம் பாளமாக வெடித்த கரிசல். அதில் பருத்தி. நம் ஊரில் விதைக்கிற மாதத்தில் அங்கே வெடித்து வெள்ளையாக நின்றது. பெரிய இயந்திரம் ஒன்று அதை வரிசை வரிசையாக உறிஞ்சிக்கொண்டு போனது. மருமகன் ஒரு வயலைக் காட்டி, தன் அப்பா அங்கே வேலை பார்த்தார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். 'பார்த்தார்' என்று இறந்த காலத்தில் சொன்னதை, இலக்கணம் சொல்லித்தருகிற நான் கவனித்தேன். படுக்கையில் இருப்பவருக்கு அப்படித்தானே சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

சம்பந்தி அம்மா வாசலில் நின்றிருந்தார். நான் போனில் பார்த்ததைவிட உயரம். கறுப்பு உடுப்பு. கன்னத்தோடு கன்னம் வைத்து வரவேற்றார். என் அறையைக் காட்டினார். படுக்கை விரிப்பு அப்போதுதான் தேய்த்து மடித்தது போல இருந்தது. மருமகன் அன்று சாயங்காலமே திரும்பிப் போய்விட்டார். நாங்கள் இருவரும் அந்த வீட்டில் தனியாக இருந்தோம்.

எனக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை அவர். நான் கறி மீன் தொடமாட்டேன் என்று மருமகன் சொல்லியிருந்தார் போல. கொண்டைக்கடலையும் கீரையும் சேர்த்து வேகவைத்துத் தருவார். வெளியே துவைத்துப் போட்ட என் சேலையை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து வைப்பார். ஆனால் சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார மாட்டார். தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார். நான் "நல்லா இருக்கு" என்று ஸ்பானிஷில் சொன்னால், "கிராசியாஸ்" என்று நன்றி சொல்வார். அவ்வளவுதான். தினமும் கறுப்பு உடுப்புத்தான். அவர்கள் ஊர் வயதான பெண்களின் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். முன்னறையில் அவர் கணவரின் படம் ஒன்று இருந்தது. எங்கள் ஊராக இருந்தால் அதற்கு மாலை போட்டிருப்பார்கள், எனக்கும் தெரிந்திருக்கும். அங்கே அது வெறும் போட்டோ. பக்கத்தில் ஒரு சின்ன ஜாடியில் பூ இருந்தது. வீட்டில் எங்கேயும்தான் பூ இருந்தது.

காலையில் வகுப்புக்குப் போவேன். அங்கே மொராக்கோ, செனகல், ருமேனியா என்று பல நாட்டு ஆட்கள். எல்லோரும் ஆலிவ் பறிக்கவும் பருத்திக் காட்டிலும் வேலைக்கு வந்தவர்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. அதனால் யாரும் வேறு எந்த மொழிக்கும் ஓட முடியாது. எல்லோரும் ஓட்டை ஸ்பானிஷில்தான் பேசியாக வேண்டும். ஒருநாள் எனக்குப் பசிக்கிறது என்று சொல்ல நினைத்து ஒரு எழுத்தை மாற்றி, எனக்கு ஒரு ஆம்பளை இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். மொராக்கோ நாட்டுப் பெண் ஒருத்தி, "எனக்கும் இருக்கிறார், ஆனால் அவரைச் சாப்பிட முடியாது" என்றாள். வகுப்பே சிரித்தது. டீச்சர் பக்கத்து டவுனிலிருந்து வருகிற இளம்பெண். நான் யார் வீட்டில் தங்கியிருக்கிறேன், என்ன உறவு என்று சொல்ல முடியாமல் கையை ஆட்டிக்கொண்டிருந்தபோது, அவள் பலகையில் ஒரு வார்த்தை எழுதினாள். 'கொன்சுவேக்ரா'. பிள்ளையைக் கட்டிக்கொண்டவரின் தாய். எனக்கு ஆச்சரியம். இத்தனை வருடம் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன், அதில் சம்பந்திக்கு ஒரு வார்த்தை கிடையாது. இவர்களிடம் இருக்கிறது!

அந்த வாரத்தில்தான் இறந்த காலம் நடத்தினாள். குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'நாசியோ' என்றால் பிறந்தார். 'முரியோ' என்றால் இறந்தார். என் அப்பா புதூர் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தார், மழை இல்லாத ஒரு வருடம் இறந்தார் என்று நான் சொன்னேன். டீச்சர் கைதட்டினாள்.

அந்தத் தைரியத்தில்தான் அன்றைக்கு மத்தியானம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்த நாளிலிருந்து மனதை உறுத்திக்கொண்டிருந்த விஷயம். சம்பந்தி உடம்பு முடியாமல் எங்கேயோ இருக்கிறார். அவர் வீட்டில் வந்து தின்றுகொண்டு இருக்கிறேன், போய்ப் பார்க்கவில்லை என்றால் அது என்ன முறை? அவருக்கு ஆள் தெரியாவிட்டால் என்ன, எனக்குத் தெரியுமே.

சம்பந்தி அம்மா அடுப்படி மேசையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து, தயார் செய்ததைச் சொன்னேன். "உங்கள் கணவரைப் பார்க்க விரும்புகிறேன். நாளைக்குப் போகலாமா?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். நான் தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று மறுபடியும் சொன்னேன்.

"முரியோ" என்றார்.

வகுப்பில் காலையில் கைதட்டல் வாங்கிய அதே வார்த்தை. புரியவில்லை என்று நடிக்கக்கூட வழியில்லை. எப்போது என்று கேட்டேன். போன வருடம் என்றார். மாதத்தைச் சொன்னார். பிறகு, எனக்கு விளங்க வேண்டும் என்று, மெதுவாக, "உங்கள் மகன் கல்யாணத்துக்கு முந்தின நாள்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேசைமேல் இருந்த தன் போனைத் தொட்டுக் காட்டினார். "நான் உங்களிடம் சொன்னேன். இதில். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்." பிறகு என் சிரிப்பை அப்படியே தன் முகத்தில் கொண்டுவந்து, என்னைப் போலவே தலையை ஆட்டி, "பியென், பியென்" என்றார்.

அந்த நிமிஷத்தை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. எங்கள் பக்கம் ஒரு நல்ல காரியத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம், மன்னித்துவிடுவார்கள். துட்டி வீட்டுக்குப் போகாமல் இருக்கக் கூடாது. சண்டையில் பேச்சை முறித்தவர்கள்கூட இழவு என்றால் போய்க் கையைப் பிடித்துத் துட்டி கேட்டுவிட்டு வருவார்கள். சம்பந்தி இறந்து ஒரு வருடம் ஆகிறது. நாங்கள் போகவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை, இறந்த செய்தியைச் சொன்னவரிடம் நான் நல்லது நல்லது என்று சிரித்திருக்கிறேன். அப்படிப்பட்ட என்னை வீட்டுக்குள் விட்டு, விரிப்பைத் தேய்த்துப் போட்டு, கொண்டைக்கடலை வேகவைத்துக் கொடுத்திருக்கிறார் இந்த அம்மா.

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? உன் மகள் சொல்லவில்லையா? அங்கே என் மகள் மாட்டிக்கொள்வாள். மாமியாரிடம் காலம் முழுக்கப் பொய்க்காரி என்று பெயர். சொல்லாவிட்டால் நான் கல் நெஞ்சுக்காரி. தமிழாக இருந்தால் நான் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்திருப்பேன். "நாங்க கேள்விப்பட்டோம் மதினி, கல்யாண வீட்ல கை நனைச்சிட்டு எப்படி வாரதுன்னு..." என்று இழுத்து, அழுது, யார்மேலும் படாமல் முடித்திருப்பேன். அதில் நான் கெட்டிக்காரி என்று ஊரில் பெயர்.

ஸ்பானிஷில் அதற்கு வார்த்தை இல்லை என்னிடம். இருந்ததெல்லாம் கொஞ்சம்தான். "எனக்குத் தெரியாது" என்றேன். "என் மகள் பேசவில்லை." உதட்டின்மேல் கையை வைத்துக் காட்டினேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்?" என்றார்.

"கல்யாணம்" என்றேன். எங்கள் ஊரில் நெருங்கிய சாவுச் செய்தி வந்தால் மேளத்தை நிறுத்திவிடுவார்கள், முகூர்த்தம் தள்ளிப்போகும், பெண் வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற பயம், இதையெல்லாம் நான் எப்படிச் சொல்வேன்? "என் மகளுக்குப் பயம். ரொம்பப் பயம்." 'மியேதோ' என்பது பயத்துக்கு அவர்கள் வார்த்தை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியாக, "லோ சியென்தோ" என்றேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கும்போது அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால், அதை நான் உணர்கிறேன் என்று அர்த்தம் வரும்.

அவர் எழுந்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, வெளியே போய்விட்டார்.

பாதி சீவிய உருளைக்கிழங்கோடு நான் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் நிதானம் வந்ததும் மகளுக்குப் போன் போட்டேன்.

"ஏட்டி, உன் மாமனார் எங்க இருக்காவ?"

அந்தப் பக்கம் அழுகை. "தம்பி கல்யாணம் நின்னு போயிரும்னு பயந்துட்டேம்மா. ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லிரலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள அத்தை போன் போட்டுட்டாவ. வீடு நிறைய ஆளு. புதுப்பொண்ணு வேற நிக்கா. வாயில வந்ததச் சொல்லிட்டேன். அப்புறம் எப்படிம்மா சொல்லுவேன்? நாளு ஆக ஆக வாயே வரல."

"மாப்பிள்ளைட்ட என்ன சொன்ன?"

"உங்ககிட்ட சொல்லிட்டேன்னு. நீங்க ரொம்ப வருத்தப்பட்டதாச் சொன்னேன்."

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. ஒரு வருடம் முழுக்க இதை வயிற்றில் கட்டிக்கொண்டு எப்படித் திரிந்தாளோ என்றுதான் இருந்தது. "இன்னைக்கே அவர்ட்ட உண்மையைச் சொல்லு. சனிக்கிழமை ரெண்டு பேரும் இங்க வந்துருங்க" என்று வைத்துவிட்டேன். என் பெட்டியைக் கட்டிவைக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

வெயில் தணிந்த பிறகு சம்பந்தி அம்மா திரும்பி வந்தார். கையில் பூங்கொத்து. என்னைப் பார்த்து, "பென்" என்றார். வா என்று அர்த்தம். அதுவரைக்கும் என்னிடம் மரியாதைப் பன்மையில் பேசிக்கொண்டிருந்தவர், முதல் தடவையாக ஒருமையில் கூப்பிட்டார்.

ஊருக்கு வெளியே நடந்தோம். வழியில் ஒரு வயதான அம்மா வாசலில் நின்று, என் சேலையைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். சம்பந்தி அம்மா நடையை நிறுத்தாமல் பதில் சொன்னார். "மி கொன்சுவேக்ரா." என் சம்பந்தி.

அங்கே கல்லறை நம் பக்கம் மாதிரி இல்லை. உயரமான வெள்ளைச் சுவர்கள். அதில் அலமாரி மாதிரி அறை அறையாகச் சவப்பெட்டிகளை வைத்து அடைத்து, முன்னால் கல் பதித்திருக்கிறார்கள். ஒரு கல்லின் முன்னால் அவர் நின்றார். பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூவை வைத்தார். கைக்குட்டையால் கல்லில் இருந்த கறுப்புத் தூசியைத் துடைத்தார். கரிசல் தூசி.

எங்கள் ஊரில் துட்டி வீட்டுக்குப் போகிற பெண்கள் தெருமுனையிலேயே குரல் எடுத்து அழ ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அப்படி அழ ஒருநாளும் வந்ததில்லை. சும்மா வாயை மூடிக்கொண்டு கூடவே போவேன். அன்றைக்கு அந்தச் சுவருக்கு முன்னால் வந்தது. அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "தெரியாமப் போச்சே மதினி. வந்து நிக்காமப் போயிட்டோமே மதினி" என்று சத்தமாகவே அழுதேன். தமிழில்தான். அவருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. தூரத்தில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரும் அழுதார். அவர் நெற்றி என் தோள்மேல் இருந்தது. அவ்வளவு உயரமான மனுஷி எப்படிக் குனிந்தார் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த உருளைக்கிழங்கை இருவரும் சீவி முடித்தோம். அன்றைக்கு அவர் தன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகவில்லை. எதிரில் உட்கார்ந்து கணவரைப் பற்றிப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு நாலில் ஒரு பங்கு புரிந்திருந்தால் அதிகம். பருத்தி, டிராக்டர், இருமல், பிடிவாதம் என்று அங்கங்கே ஒரு வார்த்தை பிடிபடும். நான் தலையை மட்டும் ஆட்டவில்லை. புரியாத இடத்தில் "புரியவில்லை" என்று சொன்னேன். அவர் மறுபடியும் சொன்னார்.

சனிக்கிழமை மகளும் மருமகனும் வந்தார்கள். மருமகன் முகம் இறுகியிருந்தது. மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். சம்பந்தி அம்மா அவளை உள்ளே இழுத்து, நாற்காலியில் உட்காரவைத்து, பிடி பிடி என்று பிடித்துவிட்டார். மாமனாரை அடக்கம் செய்த அன்று நீ பட்டுச் சேலை கட்டி நின்ற போட்டோவை நான் பார்த்தேன் என்றார். செத்துப்போனவரை ஒரு வருடம் எங்கேயோ படுக்கவைத்திருந்தாயா என்றார். என் மகள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பழக்க தோஷம் பாருங்கள், நடுவில் என் பக்கம் திரும்பி, "அம்மா, அத்தை என்ன சொல்லுதாவன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"வேண்டாம். எனக்கே புரியுது" என்றேன்.

அவள் உடைந்து அழுதுவிட்டாள். திட்டி முடித்த சம்பந்தி அம்மா சும்மா இருக்கவில்லை. ஒரு தட்டில் சாப்பாடு போட்டு அவள் முன்னால் வைத்து, இளைத்துவிட்டாய் என்றார். மன்னித்துவிட்டேன் என்று அவர் அன்றைக்குச் சொல்லவில்லை. அதற்கு இன்னும் சில மாதங்கள் ஆயின. மருமகனுக்கு அதைவிட அதிக நாட்கள் பிடித்தன. பொய் சொன்னது போகட்டும், என் அப்பாவுக்காக நீங்கள் எல்லோரும் வருத்தப்பட்டீர்கள் என்று அத்தனை நாள் நம்பினேனே என்று அவர் பின்னால் ஒருதடவை என்னிடம் கேட்டார்.

என் கணவருக்குப் போனில் சொன்னபோது கடைச் சத்தம் கேட்டது. கம்பி எடை போடும் சத்தம். பிறகு அதுவும் இல்லை. கடையை விட்டு வெளியே வந்துவிட்டார் போல.

"துட்டிக்கு வருசம் கழிச்சுப் போனா ஊர்ல என்ன சொல்லுவாவ?" என்றார்.

"போகாம இருக்கதுக்கு இது தேவல" என்றேன்.

"சரி. டிக்கெட்டுக்கு ஏற்பாடு பண்ணச் சொல்லு."

கார்த்திகையில் வந்தார். விமானமே ஏறாத மனுஷன். குளிரில் நடுங்கிக்கொண்டு, வேட்டி சட்டைக்கு மேல் மருமகனின் கோட்டைப் போட்டுக்கொண்டு, அந்தச் சுவருக்கு முன்னால் கும்பிட்டு நின்றார். சம்பந்தி அம்மாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டு மனப்பாடம் செய்துவைத்திருந்தார். அந்த நேரத்தில் எல்லாம் மறந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டு, "தங்கச்சி" என்றார். சம்பந்தி அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது நான் கோவில்பட்டியில்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் நானும் சம்பந்தி அம்மாவும் போனில் பேசிக்கொள்கிறோம். நடுவில் யாரும் கிடையாது. மழை பெய்ததா என்று அவர் கேட்பார். பருத்தி என்ன விலை என்று நான் கேட்பேன். என் ஸ்பானிஷ் இன்றும் ஓட்டைதான், இறந்த காலம் எதிர்காலம் எல்லாம் தாறுமாறாக வரும், அவர் திருத்துவார். சில சமயம் ஊரில் ஏதாவது ஒரு சங்கடமான பேச்சில் நான் வழக்கம்போல இனிக்க இனிக்கப் பூசி மெழுக ஆரம்பிக்கும்போது, அந்த அடுப்படி மேசை நினைவுக்கு வந்து வாய் தயங்கும். பிறந்ததிலிருந்து பேசுகிற தமிழிலும் அன்றைக்குப் பேசியது போல நாலு வார்த்தையில் உள்ளதைச் சொல்ல முடிகிறதா என்று, இந்த வயதில் நான் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.